தமிழ் இணையப் பக்கங்களில் மீத்தரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தமிழ் அமைப்புகள், கோயில்கள், துணைப்பாட நிலையங்கள், வாசகர் வட்டங்கள் ஆகியவற்றின் இணையப் பக்கங்களைப் பெரும்பாலும் தொண்டூழியர்களே கவனித்து வருகிறார்கள். அவர்களுள் பலர் என்னிடம் கேட்ட ஐயங்கள் ஆளுக்கு ஆள் மாறவே இல்லை என்பதால், அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்குத் தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். கட்டளைச் சொற்களை ஒலிப்படி தமிழில் தந்துள்ளேன். பக்கத்தின் நிரலில் இடும்போது அவற்றைப் பெரும்பாலும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் எழுத வேண்டும்.

மீத்தரவு என்றால் என்ன? யார் கண்ணுக்கும் தெரியாத ஒன்றை எதற்கு எழுத வேண்டும்?

பக்கத்தில் உள்ள செய்தி தரவு. அந்தப் பக்கத்தைப் பற்றிய செய்தி மீத்தரவு. பக்கத்தின் பெயர் என்ன, அது எந்த மொழியில் இருக்கிறது, எழுத்துகள் எந்த முறையில் குறியாக்கம் செய்யப்பட்டுள்ளன, எழுதியவர் யார், இதே செய்தி வேறு மொழியில் இருந்தால் அது எங்கே இருக்கிறது என்பவை எல்லாம் இதில் அடங்கும். இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல்லில் இதற்கென்றே ‘மெட்டா’ என்னும் உறுப்பு 1995இல் வெளியான 2.0 பதிப்பு முதலே இருந்து வருகிறது.

வாசகர் இவற்றை நேரடியாகப் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் வாசகருக்கும் பக்கத்துக்கும் நடுவில் நிற்கும் உலாவியும் தேடுபொறியும் வாட்ஸ்அப்பும், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் இவற்றைப் படித்துத்தான் பக்கத்தை அடையாளம் காண்கின்றன. தமிழில் எழுதுவோர் இதில் கூடுதல் அக்கறை காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாம் எதையும் சொல்லாமல் விட்டால், பல மென்பொருள்களும் வடிவ வார்ப்புருக்களும் பக்கம் ஆங்கிலத்தில் இருப்பதாகவே வைத்துக்கொள்கின்றன.

இதை எந்த இடத்தில் எழுதுவது? எனக்கு நிரல் எழுதத் தெரியாதே?

எச்டிஎம்எல் பக்கம் ஒவ்வொன்றுக்கும் ‘ஹெட்’ என்னும் தலைப்பகுதியும் ‘பாடி’ என்னும் உடற்பகுதியும் உண்டு. வாசகர் பார்ப்பது உடற்பகுதியை; மீத்தரவு தலைப்பகுதியில் இருக்கும். அங்கே ‘டைட்டில்’, ‘மெட்டா’, ‘லிங்க்’ என்னும் மூன்று உறுப்புகளே பெரும்பாலான வேலையைச் செய்கின்றன. ‘மெட்டா’ உறுப்பில் வழக்கமாக இரண்டு பண்புகள் இருக்கும்: ‘நேம்’ என்பது எதைச் சொல்கிறோம் என்பதையும், ‘கன்டென்ட்’ என்பது அதன் மதிப்பையும் தரும்.

வேர்ட்பிரஸ், பிளாகர் போன்றவற்றைப் பயன்படுத்துவோர் நிரலைத் தொட வேண்டிய தேவை குறைவு. மொழி, தலைப்பு, விவரம் ஆகியவற்றை அமைப்புகள் பக்கத்திலோ ஒரு செருகுநிரலிலோ நிரப்பினால், அந்த மென்பொருளே உரிய வரிகளை எழுதிவிடும். ஆயினும் அது என்ன எழுதியிருக்கிறது என்பதை உலாவியில் ‘பக்க மூலத்தைக் காண்க’ என்னும் வசதியைத் திறந்து ஒருமுறையாவது பார்த்துவிடுவது நல்லது.

எங்கள் சங்கத்தின் தளம் சிறியது. கட்டாயம் இருக்க வேண்டியவை எவை?

எழுத்துக் குறியாக்கம், மொழி, தலைப்பு, கைத்தொலைபேசித் திரைக்கான அகல அறிவிப்பு, சுருக்க விவரம் என்னும் ஐந்தும் எல்லாப் பக்கங்களிலும் இருக்க வேண்டும். பக்கத்தை மற்றவர்கள் வாட்ஸ்அப்பிலோ ஃபேஸ்புக்கிலோ பகிர்வார்கள் என்றால் பகிர்வுக்கான சில வரிகளும் தேவைப்படும். இவற்றுக்கு மேல் உள்ளவை தேவைக்கு ஏற்ப வருபவை. இணையத்தில் கிடைக்கும் நீண்ட பட்டியல் ஒன்றை அப்படியே எடுத்து ஒட்டுவதைவிட, இந்த ஐந்தையும் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியே, உண்மைக்குப் பொருந்த எழுதுவது மிகுந்த பயன் தரும்.

சிலருடைய கணினியில் எங்கள் தமிழ் எழுத்துகள் வேறு ஏதோ குறிகளாக வருகின்றன. எழுத்துரு இல்லாததால்தானே?

பெரும்பாலும் இல்லை. இன்றைய கணினிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் தமிழ் எழுத்துரு உள்ளேயே இருக்கிறது. எழுத்துரு இல்லாவிட்டால் வெற்றுக் கட்டங்கள்தாம் வரும். மேலே சாய்கோடு இட்ட லத்தீன் ‘ஏ’ எழுத்தும், பதிவுபெற்ற வணிகச் சின்னத்துக்குரிய வட்டக் குறியும் மாறி மாறி வந்தால் காரணம் வேறு. இன்று இணையத்தில் பரவலாக உள்ள யுடிஎஃப்-8 என்னும் குறியாக்க முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யுனிகோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட 128 இடங்களில் எதை எடுத்தாலும் முதல் பைட் ஒன்றேதான், இரண்டாவது பைட்டுக்கு இரண்டு மதிப்புகளே உண்டு. உலாவி அதை மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம் என்று தவறாகக் கொண்டு பைட் பைட்டாகப் படிக்கும்போதுதான் அந்த ஒரே குறிகள் வரிசையாகத் தோன்றுகின்றன.

இதைத் தீர்ப்பது ‘மெட்டா’ உறுப்பில் ‘சார்செட்’ என்னும் பண்பு. அதன் மதிப்பு ‘யுடிஎஃப்-8’. இந்த வரி பக்கத்தின் முதல் 1024 பைட்டுகளுக்குள் முழுமையாக வந்துவிட வேண்டும் என்று எச்டிஎம்எல் செந்தரம் விதிக்கிறது. தமிழில் நீண்ட தலைப்பையும் விவரத்தையும் முதலில் எழுதிவிட்டால், ஏறக்குறைய 340 தமிழ்க் குறியீடுகளிலேயே அந்த எல்லை முடிந்துவிடும். எனவே தலைப்பகுதியைத் திறந்தவுடன் முதல் வரியாக இதையே எழுத வேண்டும்.

வரி சரியாக இருந்தும் சிக்கல் தொடர்ந்தால், கோப்பு உண்மையில் யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கவும். அதுவும் சரி என்றால் சேவையகத்தைச் சோதிக்க வேண்டும். சேவையகம் பக்கத்தை அனுப்பும்போது தன் முன்தலைப்பில் வேறு குறியாக்கத்தைக் கூறினால், பக்கத்துக்குள் நாம் எழுதிய வரி மதிக்கப்படாது. தள இடம் வழங்கும் நிறுவனத்திடம் இதைச் சொல்லித்தான் திருத்த வேண்டும்.

பக்கம் தமிழில் இருப்பது பார்த்தாலே தெரிகிறது. மொழியை வேறு தனியாகச் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். கண்ணால் பார்க்க இயலாதவர்களுக்காகவே முதன்மையாகச் சொல்ல வேண்டும். திரைவாசிப்பான் எந்தக் குரலில் படிப்பது என்பதைப் பக்கத்தின் மொழி அறிவிப்பை வைத்தே முடிவு செய்கிறது. இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானுடன் வரும் ஈஸ்பீக் குரல் தொகுப்பில் தமிழும் இருக்கிறது. ஆனால் பக்கம் தன்னை ஆங்கிலம் என்று அறிவித்துக்கொண்டால் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளைக் கண்டு திணறும், அல்லது விட்டுவிட்டுப் போகும். அதனால்தான் இணைய உள்ளடக்கத்தின் அணுகல்தன்மைக்கான அனைத்துலக வழிகாட்டி நெறிகள், பக்கத்தின் மொழியை அறிவிப்பதை மிக அடிப்படையான ‘ஏ’ நிலையில் வைத்துள்ளன.

இது ‘மெட்டா’ உறுப்பில் எழுதப்படுவதில்லை. பக்கம் முழுவதையும் உள்ளடக்கும் ‘எச்டிஎம்எல்’ உறுப்பில் ‘லாங்’ என்னும் பண்பாக எழுதப்படுகிறது. தமிழுக்கு உரிய குறி ‘டி’, ‘ஏ’ என்னும் இரண்டு எழுத்துகள். நான் பார்த்த தமிழ்த் தளங்களில் மிகப் பரவலான குறை இதுதான்: வடிவ வார்ப்புருவோடு வந்த ஆங்கிலக் குறி மாற்றப்படாமல் அப்படியே இருக்கும். உள்ளே ஒரு வரி ஆங்கிலமும் இல்லாத பக்கம் உலகத்துக்குத் தன்னை ஆங்கிலப் பக்கம் என்று கூறிக்கொண்டிருக்கும். இதை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. தயவுசெய்து இன்றே மாற்றிவிடுங்கள்.

தமிழ்ப் பக்கத்தின் நடுவில் ஆங்கிலப் பத்தியோ மலாய் வரியோ வந்தால், அந்தப் பகுதிக்கு மட்டும் அதே ‘லாங்’ பண்பைத் தனியாக இடலாம். ஒற்றைச் சொற்களுக்கும் ஆள் பெயர்களுக்கும் இது தேவையில்லை.

நாம் சிங்கப்பூரில் இருக்கிறோம். குறியில் நாட்டையும் சேர்க்க வேண்டாமா?

சேர்க்கலாம், தமிழ்க் குறிக்குப் பின் ஓர் இணைகோடும் ‘எஸ்’, ‘ஜி’ என்னும் எழுத்துகளும் வந்தால் அது சிங்கப்பூர்த் தமிழ். மொழிக் குறிகளுக்கான செந்தரத்தின்படி இது முற்றிலும் முறையானது. ஆனால் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நாட்டுக்கு நாடு வேறு வேறு பதிப்புகளை வெளியிடும் தளங்களுக்குத்தான் இது உண்மையாகப் பயன்படும். ஒரே ஒரு தமிழ்ப் பதிப்பு உள்ள தளத்துக்கு வெறும் தமிழ்க் குறியே போதும்.

தலைப்பைத் தமிழில் வைப்பதா, ஆங்கிலத்தில் வைப்பதா? இங்குப் பலர் ஆங்கிலத்தில்தானே தேடுகிறார்கள்?

பக்கம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே தலைப்பு இருக்க வேண்டும். ‘டைட்டில்’ என்பது உலாவியின் தாவலிலும் தேடல் முடிவின் முதல் வரியிலும் தெரிவது. திரைவாசிப்பான் பக்கத்தைத் திறந்ததும் முதலில் வாசிப்பதும் அதுவே. ஆங்கிலத் தலைப்பைச் சொடுக்கி உள்ளே வந்தவருக்கு முழுவதும் தமிழ் கிடைத்தால், தமிழ் தெரியாதவர் திரும்பிப் போய்விடுவார். தமிழ் தேடியவரோ உள்ளேயே வந்திருக்க மாட்டார். அமைப்புக்கு அதிகாரபூர்வமான ஆங்கிலப் பெயர் இருந்து, மக்கள் அந்தப் பெயரால்தான் அதை அறிவார்கள் என்றால், தலைப்பின் கடைசியில் அதை ஒருமுறை சேர்ப்பதில் தவறில்லை. ஆங்கிலத்தில் தேடுவோருக்காக ஆங்கிலப் பக்கம் ஒன்றைத் தனியே எழுதுவதே முறையானது. அதைப் பின்னால் வரும் நான்கு மொழிகள் பற்றிய கேள்வியில் காண்க.

அமைப்பின் பெயரை முதலில் போட்டு எல்லாப் பக்கங்களையும் ஒரே மாதிரி தொடங்குவது இன்னொரு வழக்கம். கைத்தொலைபேசியில் தலைப்பின் பிற்பகுதி வெட்டப்பட்டுவிடும். தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் இன்னும் விரைவாக வெட்டப்படும். ‘உயர்நிலை 2 தமிழ்த் துணைப்பாடம்: வகுப்பு நேரம், கட்டணம்’ என்று அந்தப் பக்கத்துக்கே உரியதை முன்னே வைத்து, நிலையத்தின் பெயரைப் பின்னே வைக்க வேண்டும்.

சுருக்க விவரம் எத்தனை எழுத்து இருக்க வேண்டும்? அதை எழுதினால் கூகலில் முதலிடம் வருமா?

வராது. ‘டெஸ்கிரிப்ஷன்’ என்னும் இந்த விவரம் தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரக்கூடிய ஓரிரு வரிகள். தரவரிசையை உயர்த்துவதற்காக ஏற்பட்டது அன்று. எழுத்து எண்ணிக்கைக்குக் கண்டிப்பான எல்லையும் இல்லை. திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டப்படும். கூகல் பல வேளைகளில் நாம் எழுதியதை விட்டுவிட்டு, தேடிய சொல்லுக்கு நெருக்கமான வாக்கியத்தைப் பக்கத்திலிருந்தே எடுத்துக் காட்டுவதும் உண்டு.

ஆயினும் எழுதுங்கள். தேக்காவில் வார இறுதியில் நடக்கும் வகுப்பு ஒன்றைத் தேடும் பெற்றோருக்கு, எந்த வயதினருக்கு, எந்த நாளில், எந்த இடத்தில் என்று முதல் வாக்கியத்திலேயே தெரிந்தால் அவர் அடுத்த முடிவைத் தேட மாட்டார். ‘எங்கள் தளத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்’ என்னும் வாக்கியம் இந்த இடத்தில் அவருக்கு எதையும் சொல்வதில்லை.

‘கீவேர்ட்ஸ்’ வரியில் நிறையச் சொற்களைப் போடச் சொல்லி ஒருவர் ஆலோசனை தந்தார். போடலாமா?

வேண்டாம். 1990களின் தேடுபொறிகள் அந்த வரியைப் பயன்படுத்தின. பக்கத்துக்குத் தொடர்பில்லாத சொற்களை அதில் பலர் குவித்ததால் அது நம்பத் தகாததாகிவிட்டது. தரவரிசைக்கு இதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகல் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. இதற்காகக் கட்டணம் கேட்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

கைத்தொலைபேசியில் திறந்தால் எழுத்து எறும்பு அளவில் தெரிகிறது. அதற்கும் மீத்தரவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கைத்தொலைபேசி உலாவிகள், மேசைக் கணினிக்காக எழுதப்பட்ட பழைய பக்கங்களைக் காட்டுவதற்காகத் தம்மை ஏறக்குறைய 980 புள்ளி அகலமுள்ள திரையாகக் கருதிக்கொண்டு, பிறகு அதைச் சுருக்கிக் காட்டுகின்றன. அப்படிச் செய்ய வேண்டாம், கருவியின் உண்மையான அகலத்தையே எடுத்துக்கொள் என்று சொல்வதுதான் ‘வியூபோர்ட்’ என்னும் ‘மெட்டா’ வரி. ஐபோனுக்காக ஆப்பிள் கொண்டுவந்த இந்த வழக்கத்தை மற்ற உலாவிகளும் ஏற்றுக்கொண்டன.

இந்த வரியில் பயனர் எழுத்தைப் பெரிதாக்குவதைத் தடுக்கும் கட்டளையையும் சிலர் சேர்த்துவிடுகிறார்கள். தமிழ்ப் பக்கங்களைப் படிப்போரில் மூத்தோர் பலர் இருக்கிறார்கள். விரல்களால் திரையை விரித்துப் படிக்கும் வசதியை அவர்களிடமிருந்து பறிக்கக் கூடாது. அந்தக் கட்டளை உங்கள் பக்கத்தில் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பினால் மற்றவர்களுக்குப் படத்துடன் வருகிறது. எங்களுக்கு வெறும் முகவரி மட்டும் வருகிறது. ஏன்?

பகிர்வுக்கான வரிகள் உங்கள் பக்கத்தில் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். 2010இல் ஃபேஸ்புக் அறிமுகப்படுத்திய ‘ஓப்பன் கிராஃப்’ என்னும் முறையை இப்போது வாட்ஸ்அப், டெலிகிராம், லிங்க்ட்இன் முதலிய பலவும் படிக்கின்றன. இதில் அடிப்படையானவை நான்கு: தலைப்பு, வகை, படம், முகவரி. அவற்றுடன் விவரத்தையும் சேர்ப்பது வழக்கம். எல்லாமே ‘ஓஜி’ என்னும் முன்னொட்டுடன் தொடங்கும். வழக்கமான ‘மெட்டா’ வரிகளில் ‘நேம்’ வரும் இடத்தில், இவற்றில் ‘ப்ராப்பர்ட்டி’ என்னும் பண்பு வரும் என்பதைக் கவனிக்கவும்.

படம் வராததற்கு வேறு காரணங்களும் உண்டு. படத்தின் முகவரி நெறிமுறையும் தளப் பெயரும் சேர்ந்த முழு முகவரியாக இருக்க வேண்டும். கோப்புப் பெயரை மட்டும் எழுதினால் போதாது. கோப்பு மிகப் பெரிதாக இருந்தால் வாட்ஸ்அப் அதை விட்டுவிடுவது உண்டு. 1200 புள்ளி அகலமும் 630 புள்ளி உயரமும் உள்ள படம் பெரும்பாலான இடங்களில் வெட்டுப்படாமல் தெரியும். நிகழ்ச்சியின் நெடிய சுவரொட்டியை அப்படியே கொடுத்தால் மேலும் கீழும் வெட்டப்பட்டு, தேதியும் இடமும் போய்விடும். பகிர்வுக்கென்று கிடைமட்டமான படம் ஒன்றைத் தனியாகச் செய்துகொள்வதே நல்லது. தேதியை விவர வரியில் எழுத்தாகவும் கொடுத்துவிடுங்கள்.

படத்தை மாற்றிவிட்டோம். ஆனாலும் பழைய படமே வருகிறதே?

ஃபேஸ்புக் போன்றவை முதல் முறை படித்ததைச் சேமித்து வைத்துக்கொண்டு அதையே சில காலம் காட்டும். பகிர்வைச் சரிபார்ப்பதற்கு ஃபேஸ்புக்கே வழங்கும் கருவியில் முகவரியைக் கொடுத்து மீண்டும் படிக்கச் சொல்லலாம். படத்தின் கோப்புப் பெயரையே மாற்றிவிடுவது இன்னும் எளிய வழி. ஏற்கெனவே அனுப்பப்பட்ட வாட்ஸ்அப் செய்திகளில் உள்ள படம் மட்டும் மாறாது.

எங்கள் அறிவிப்பு ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழிகளிலும் இருக்கிறது. நான்கையும் எப்படி இணைப்பது?

ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி இருக்க வேண்டும். இதுவே முதல் நிபந்தனை. ஒரே முகவரியில் பொத்தானை அழுத்தினால் மொழி மாறும்படி செய்திருந்தால் தேடுபொறி ஒரு மொழியை மட்டுமே காணும், பெரும்பாலும் அது தமிழாக இருக்காது. தனி முகவரிகள் அமைந்த பிறகு, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் ‘லிங்க்’ உறுப்பில் ‘ஆல்டர்நேட்’ என்னும் உறவையும் ‘எச்ரெஃப்லாங்’ என்னும் மொழிக் குறியையும் இட்டு நான்கு முகவரிகளையும் எழுத வேண்டும். சீனத்துக்கு எளிய வரிவடிவம் என்பதையும் குறியில் காட்டலாம்.

இந்த இணைப்பு இருவழிப்பட்டது. ஆங்கிலப் பக்கம் தமிழ்ப் பக்கத்தைக் காட்டி, தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தைக் காட்டாவிட்டால் அந்த இணைப்பைக் கூகல் ஏற்பதில்லை. ஒவ்வொரு பக்கமும் தன்னையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்த மொழிக்கும் பொருந்தாதவருக்கு எதைக் காட்டுவது என்பதை ‘எக்ஸ்-டிஃபால்ட்’ என்னும் வரி தீர்மானிக்கும்.

தலைப்பும் விவரமும் பகிர்வு வரிகளும் நான்கு பக்கங்களிலும் அந்தந்த மொழியில் இருக்க வேண்டும். உடற்பகுதியை அக்கறையுடன் தமிழாக்கம் செய்துவிட்டுத் தலைப்பகுதியை ஆங்கிலத்திலேயே விட்டுவிடும் வழக்கம் மிகுதி. மொழிபெயர்ப்பாளரிடம் பணியை ஒப்படைக்கும்போதே இந்த வரிகளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் இக்குறை நேராது.

ஒரே பக்கம் இரண்டு மூன்று முகவரிகளில் திறக்கிறது. பரவாயில்லையா?

திறப்பதில் தவறில்லை, எது மூல முகவரி என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு. ‘கனோனிக்கல்’ என்னும் ‘லிங்க்’ வரி அதைச் சொல்லும். கூகல், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2009இல் சேர்ந்து ஏற்றுக்கொண்ட வழக்கம் இது. நான்கு மொழிப் பக்கங்களுக்கும் ஆங்கிலப் பக்கத்தையே மூலமாகக் காட்டிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் மேலே சொன்ன மொழி இணைப்பு பயனற்றுப்போகும். தமிழ்ப் பக்கத்துக்கு மூலம் தமிழ்ப் பக்கமே.

முகவரியைத் தமிழ் எழுத்துகளில் வைக்கலாமா என்றும் இதனுடன் சேர்த்துக் கேட்கிறார்கள். வைக்கலாம், நாட்டுக்கு உரிய ‘.சிங்கப்பூர்’ என்னும் மேல்நிலை ஆள்களப் பெயரே (தளப் பெயரின் கடைசிப் பகுதி) தமிழில் உண்டு. ஆனால் ஆள்களப் பெயருக்குப் பின்னால் வரும் பாதையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் பல இடங்களில் 9 எழுத்துகளாக விரியும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் ஐந்து குறியீடுகள் இருப்பதால், நகலெடுத்து ஒட்டும்போது அது 45 எழுத்துகளாக நீண்டுவிடும். அச்சிடும் சுவரொட்டிகளுக்குக் குறுகிய முகவரி ஒன்றையும் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது.

நிகழ்ச்சியின் தேதி, இடம் இவற்றைத் தேடுபொறிக்குப் புரியும்படி சொல்ல வழி உண்டா?

உண்டு. கூகல், பிங், யாகூ மூன்றும் 2011இல் தொடங்கிய ‘ஸ்கீமா’ என்னும் பொதுச் சொல்தொகுதியில் நிகழ்ச்சிக்கென ‘ஈவன்ட்’ என்னும் வகை இருக்கிறது. பெயர், தொடங்கும் நேரம், இடம், ஏற்பாட்டாளர் ஆகியவற்றை இயந்திரம் படிப்பதற்கான ‘ஜேசன்-எல்டி’ வடிவில் எழுதிப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். நேரத்தை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதி, கடைசியில் அனைத்துலக நேரத்துக்குச் சிங்கப்பூர் 8 மணி முன்னே இருப்பதைக் கூட்டல் குறியுடன் காட்ட வேண்டும். அதை விட்டுவிட்டால் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து இணைய வழியில் கலந்துகொள்பவருக்கு இரண்டரை மணி நேரம் பிசகக்கூடும்.

ஏப்ரலில் தமிழ்மொழி விழாவை ஒட்டிப் பல அமைப்புகள் நிகழ்ச்சி நடத்துவதால் இந்தக் கேள்வி அப்போது மிகுதியாக வரும். நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டால் உடற்பகுதியில் மட்டும் திருத்தாமல், இங்கும் நிலையை மாற்ற வேண்டும். வாசகர் பார்க்கும் தேதியும் இயந்திரம் படிக்கும் தேதியும் வேறுபட்டால் இந்த வரிகளை எழுதாமலே இருந்திருக்கலாம்.

பழைய கதைகள், நினைவு மலர்கள் இவற்றை ஆவணமாக வைத்திருக்கிறோம். அவற்றுக்கு இதே வரிகள் போதுமா?

அவற்றுக்கு நூலகத் துறையில் உருவான ‘டப்ளின் கோர்’ பொருத்தமானது. 1995இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டப்ளின் நகரில் தொடங்கிய இம்முயற்சி, படைத்தவர், வெளியீட்டாளர், தேதி, மொழி, உரிமை உள்ளிட்ட 15 அடிப்படைக் கூறுகளை வகுத்தது. இதன் அனைத்துலக மாநாடு 2007இல் சிங்கப்பூரிலும் நடைபெற்றது. இக்கூறுகளை ‘மெட்டா’ வரிகளாகவே எழுதலாம். தேடல் தரவரிசைக்கு இவை உதவமாட்டா. ஆனால் பிற்காலத்தில் ஆய்வாளர் ஒருவருக்கு அக்கதையை எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார் என்பது கோப்பை விட்டுப் பிரியாமல் கிடைக்கும். புனைபெயரில் எழுதியவர்களின் இயற்பெயரையும் உரிய அனுமதியுடன் சேர்த்து வைத்தால் அது பெரிய தொண்டு.

உறுப்பினர் பட்டியல் தேடலில் வரக் கூடாது. ‘நோஇன்டெக்ஸ்’ போட்டால் போதுமா?

தேடலில் வராமல் இருப்பதற்குப் போதும், பாதுகாப்புக்குப் போதாது. ‘ரோபாட்ஸ்’ என்னும் ‘மெட்டா’ வரியில் ‘நோஇன்டெக்ஸ்’ என்று எழுதினால் முறையான தேடுபொறிகள் அப்பக்கத்தைப் பட்டியலிடமாட்டா. ஆனால் முகவரி தெரிந்த எவரும் அதைத் திறக்கலாம். மேலும், தேடுபொறிகள் எங்கே நுழையலாம் என்று சொல்லும் தளத்தின் ரோபாட்ஸ் கோப்பில் அதே பக்கத்தைத் தடுத்துவைத்தால் தேடுபொறி உள்ளே வந்து இந்த வரியைப் படிக்கவே இயலாது. வேறெங்கோ இணைப்பு இருந்தால் முகவரி மட்டும் தேடலில் தோன்றிவிடும். இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள்.

உறுப்பினர்களின் பெயர், தொலைபேசி எண் போன்றவை 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றைக் கடவுச்சொல்லுக்குப் பின்னால் வைக்க வேண்டும், அல்லது இணையத்தில் ஏற்றாமலே இருக்க வேண்டும். அடையாள அட்டை எண் இணையப் பக்கத்தில் இருப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

எல்லா வரிகளையும் சரியாக எழுதியும் வேலை செய்யவில்லை. எங்கே பார்ப்பது?

முதலில் மேற்கோள் குறிகளைப் பாருங்கள். விவரத்தின் நடுவில் நேரான இரட்டை மேற்கோள் வந்தால் அந்த இடத்திலேயே மதிப்பு முடிந்துவிடும். சொல் செயலியிலிருந்து நகலெடுத்த வளைந்த மேற்கோள்களைப் பண்பின் எல்லையாக இட்டிருந்தாலும் வரி பயன்படாது.

அடுத்து, தலைப்பகுதிக்குள் படம், பத்தி போன்ற உடற்பகுதி உறுப்பு ஏதேனும் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஒன்றைக் கண்டதும் உலாவி தலைப்பகுதி முடிந்துவிட்டது என்று கொள்கிறது. அதன் பின் உள்ள ‘மெட்டா’ வரிகள் உடற்பகுதியில் விழுந்துவிடும். கடைசியாக, வரிகளை ஜாவாஸ்கிரிப்ட் மூலம் பின்னர் சேர்க்கும் தளமா என்று பாருங்கள். கூகல் அவற்றை இயக்கிப் படிக்கும். பகிர்வுச் செயலிகள் பொதுவாக இயக்குவதில்லை. பக்க மூலத்தில் கண்ணால் காணக்கூடிய வரியே வாட்ஸ்அப்புக்கும் தெரியும்.

எங்களிடம் யுனிகோடுக்கு முந்தைய திஸ்கி என்னும் தமிழ்க் குறியாக்கத்தின் எழுத்துருவில் செய்த பழைய பக்கங்கள் இருக்கின்றன. ‘சார்செட்’ வரியை மாற்றினால் தமிழ் வந்துவிடுமா?

வராது. யுனிகோட் பரவுவதற்கு முன் தமிழை இணையத்தில் ஏற்றியவர்கள் எழுத்துருவையே நம்பியிருந்தார்கள். 1990களின் நடுவில் இங்கே தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி செய்த ‘கணியன்’ என்னும் தமிழ்க் கணினி முயற்சி அந்தக் காலத்தின் முன்னோடிப் பணிகளுள் ஒன்று. திஸ்கி பக்கங்கள் பல, பயனரே வரையறுத்த குறியாக்கம் என்று தம்மை அறிவித்துக்கொண்டன. அந்த அறிவிப்பை மட்டும் யுடிஎஃப்-8 என்று மாற்றினால் பைட்டுகள் மாறமாட்டா. நான்காம் கேள்வியில் சொன்ன சிதைவுக்குப் பதில் வேறொரு சிதைவு வரும். கோப்பின் உள்ளடக்கத்தையே குறியாக்கம் மாற்றும் நிரலால் யுனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும். திஸ்கியில் கொம்புகள் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி மெய்க்கு முன்னால் சேமிக்கப்படும், யுனிகோடில் மெய்க்குப் பின்னால் வரும். ஆகவே மாற்றிய பின் ‘கெ’, ‘கே’, ‘கை’ வரும் சொற்களை மெய்ப்புப் பார்ப்பது அவசியம்.

மாற்றிய பிறகும் ‘கொடி’, ‘கோயில்’ போன்ற சொற்கள் தளத்தின் உள்தேடலில் அகப்படாமல் போகலாம். ‘கொ’ என்பதை ஒகரக் குறி ஒன்றாலும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் கணினிக்கு வேறு. யுனிகோட் வகுத்துள்ள ‘என்எஃப்சி’ என்னும் இயல்பாக்கத்தை உடற்பகுதிக்கும் தலைப்பகுதிக்கும் சேர்த்துச் செய்தால் இவை ஒன்றாகிவிடும். ஔகாரக் குறியின் இடத்தில் ‘ள’கரத்தைத் தட்டிய ‘கௌரி’, ‘மௌனம்’ போன்ற சொற்களை மட்டும் இயல்பாக்கம் திருத்தாது. அவற்றை ஒருவர் உட்கார்ந்து தேடித் தேடித்தான் மாற்ற வேண்டும்.